ஊர் தந்த பள்ளி

பழுதுற்ற தொடக்கப்பள்ளியொன்றை மூடிப் பிள்ளைகளை வேறு பள்ளிக்கு மாற்றுவது எளிய செயல் அன்று. அதன் காரணத்தை வரலாற்றில் காணலாம்.

1954இல் காமராசர் முதலமைச்சரானார். பள்ளியில்லாச் சிற்றூர்களில் பள்ளிகள் தோன்றின. 1956இல் பகலுணவுத் திட்டம் வந்தது. 1958 முதல், கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊரார் பொருளும் பணமும் உவந்தளித்தனர். பள்ளி, ஊரின் உடைமையாயிற்று.

2019இல், மாணவர் ஒருவருமில்லாத 46 பள்ளிகளைத் தற்காலிக நூலகங்களாக்க அரசு முடிவு செய்தது. அது பொருந்தும். ஆனால் பத்துப் பிள்ளைகள் எஞ்சியிருப்பின் என் செய்வது?

இடியும் சுவரின்கீழ் அவர்களை அமர்த்தலாகாது, மாற்றத்தான் வேண்டும். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தையொட்டிய மைய அரசின் விதிகள் தொடக்கப்பள்ளிக்கு ஒரு கிலோமீட்டர் எல்லை வகுத்தன. நான் பெருமாநல்லூரில், திருப்பூர்–கோபி சாலை சேலம்–கொச்சி நெடுஞ்சாலையைச் சந்திக்குமிடத்தில் நின்று எண்ணிப் பார்த்தேன். வரைபடத்தில் அத்தொலைவு சிறிதே. விடியலில் பனியன் கம்பெனிக்குச் செல்லும் தாயின் ஆறு வயது மகளுக்கோ, அச்சாலையைத் தனியே கடப்பது பெருந்தடை.

ஆகவே, பள்ளியை மூடுமுன் அக்குழந்தையுடன் ஒருமுறை புதிய பள்ளிவரை நடந்து பார்ப்போமாக. அவள் அஞ்சி நிற்கும் இடத்தில் வண்டியோ துணையோ அமைத்தபின் பூட்டை எடுப்போமாக.