காய்ச்சலை அளந்த மலை

கொடைக்கானலைத் தொழில் நகரம் என்று எவரும் சொல்வதில்லை. ஏரி, பேரிக்காய், மலைப்பூண்டு, பள்ளிகள், விடுதிகள் என்றே அதன் பெயர் வெளியூரார் நாவில் வழங்குகிறது. ஆயினும் இம்மலையூருக்கும் ஓர் ஆலையின் வரலாறு உண்டு. பதினெட்டு ஆண்டுகளுக்குள் தொடங்கி முடிந்த வரலாறு அது. அதன் கணக்குதான் இன்னும் தீர்ந்தபாடில்லை.

இவ்வூர் பிறந்த காரணத்தை முதலில் நினைவுகூர்தல் நலம். சமவெளியில் காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் தம்மவரைப் பறிகொடுத்த அமெரிக்க மதுரை மிஷன் போதகர்கள், 1845-இல் இங்கே முதல் இரு இல்லங்களை எழுப்பினர். 1863-இல் ஏரி உருவானது. 1895-இல் செண்பகனூரில் இயேசு சபையாரின் திருஇருதயக் கல்லூரி எழுந்தது. காய்ச்சலுக்கு அஞ்சி மலையேறியவர்கள் அமைத்த ஊர் இது. அவ்வூருக்கு, 138 ஆண்டுகள் கழித்து, காய்ச்சலை அளக்கும் கருவியைச் செய்யும் ஆலை வந்து சேர்ந்தது.

அது புறப்பட்ட இடம் அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்திலுள்ள வாட்டர்டவுன். ஸ்காட்லாந்தின் நூற்பாலை ஊர்களும், ஹார்வி ஆலையால் நம் தாமிரபரணிக் கரையில் வளர்ந்த விக்கிரமசிங்கபுரமும் ஓடும் நீரின் விசையை நம்பி எழுந்தவை. வாட்டர்டவுனும் அவ்வாறே பிளாக் ஆற்றின் வீழ்ச்சியை நம்பிக் காகித ஆலைகளோடு செழித்த ஊர். அங்கே தெர்மாமீட்டர் செய்துவந்த செஸ்பரோ பாண்ட்ஸ் நிறுவனம், 1983-இல் அந்தத் தொழிலை இயந்திரங்களோடு கொடைக்கானலுக்கு மாற்றியது. மேலைநாடுகளில் பாதரசத்தைக் கையாளும் தொழில்கள்மீது கட்டுப்பாடுகள் இறுகிவந்த காலம் அது. 1987 அளவில் நிறுவனம் யூனிலீவர் குழுமத்தின் கைக்கு மாறியது. பின்னர் ஆலை இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் பொறுப்பில் வந்தது.

கண்ணாடியும் பாதரசமும் கடல் கடந்து வந்தன. முடிந்த கருவிகளில் மிகப் பெரும்பகுதி மீண்டும் கடல் கடந்து போயிற்று. இடையில் இம்மலைக்குக் கிடைத்தவை இரண்டு: கூலியும் சிந்தியதும். கூலியை நான் இழிவாகச் சொல்லவில்லை. பருவகாலப் பயணிகளையும் தோட்ட வேலையையும் நம்பி வாழ்ந்த ஊரில், மாதந்தோறும் சம்பளம் தரும் ஆலை வேலை கிடைப்பது சிறிய காரியமன்று. இளைஞர் பலர் அதைப் பேறாகவே எண்ணிச் சென்றனர்.

உள்ளே நடந்த வேலை நுண்மையானது. மயிரிழை போன்ற துளையுடைய கண்ணாடிக் குழலில் பாதரசத்தை ஏற்றி, சூடுகாட்டி, மூடி, அளவு பொறிக்க வேண்டும். உடையும் குழல்கள் ஏராளம். சிந்தும் பாதரசம் மணிமணியாய் உருண்டு தரையின் இடுக்குகளில் ஒளியும். சாதாரண வெப்பத்திலேயே அது ஆவியாகும். ஆவிக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூச்சோடு உட்சென்று நரம்பையும் சிறுநீரகத்தையும் தாக்கக்கூடியது. கருவிலிருக்கும் சிசுவையும் அது விடுவதில்லை. வேலையின்போது அணிந்த உடையோடு வீடு திரும்பியதையும், பாதரசத்தின் கேடு தங்களுக்குச் சரிவர உணர்த்தப்படாததையும் தொழிலாளர்கள் பிற்காலத்தில் எடுத்துரைத்தனர்.

இதிலொரு வியப்பு உண்டு. பாதரசம் இம்மலைக்குப் புதியதன்று. போகர் நவபாஷாணத்தால் பழனித் திருவுருவைச் செய்தார் என்ற மரபு இம்மலைத் தொடரின் அடிவாரத்தில்தான் வழங்குகிறது. சித்த மருத்துவர்கள் ரசத்தை நஞ்சென்று அறிந்து, முறைப்படி சுத்தி செய்த பின்னரே மருந்தில் சேர்த்தனர். அந்த முறைகள் எவ்வளவு பலித்தன என்பது வேறு கேள்வி. அஞ்சிக் கையாள வேண்டிய பொருள் என்ற அறிவாவது அங்கே இருந்தது.

2001 மார்ச் மாதத்தில் உண்மை வெளிப்பட்டது. மூஞ்சிக்கல்லில், மக்கள் நடமாட்டம் மிகுந்த பகுதியில், ஒரு பழைய பொருட்கடையில் ஏழு டன்னுக்கும் மேற்பட்ட உடைந்த கண்ணாடி, பாதரசக் கறையோடு கிடந்தது. பழனி மலைப் பாதுகாப்பு மன்றமும் கிரீன்பீஸ் இயக்கமும் ஊர் மக்களும் அதை அம்பலப்படுத்தினர். தன் விதிமுறைகளுக்கு மாறாக அக்கழிவு விற்கப்பட்டது என்று நிறுவனம் கூறியது. அம்மாதமே ஆலை மூடப்பட்டது. 2003-இல் ஏறத்தாழ 290 டன் கழிவு தூத்துக்குடி வழியே அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. ஏழை நாட்டிலிருந்து செல்வ நாட்டுக்குக் கழிவு கப்பலேறுவது அபூர்வம். ஆதலால் அதைக் குறித்துவைக்கத் தோன்றுகிறது.

உடல்களில் ஏறியதைக் கப்பலேற்ற முடியவில்லை. முன்னாள் தொழிலாளர்கள் 2006-இல் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினர். அவர்தம் நோய்களுக்கும் ஆலைக்கும் தொடர்பில்லை என்றது நீதிமன்றம் அமைத்த வல்லுநர் குழு. பாதிப்புக்குச் சான்றுண்டு என்றது 2011-இல் மத்தியத் தொழிலாளர் அமைச்சகத்தின் அறிக்கை. தன் ஆலையால் எவருக்கும் உடல்நலக் கேடு நேரவில்லை என்ற நிலையிலிருந்து நிறுவனம் மாறவேயில்லை. 2016 மார்ச்சில், 591 முன்னாள் தொழிலாளர்களோடும் அவர்தம் குடும்பத்தாரோடும், மனிதநேய அடிப்படையில் என்று சொல்லி, அது உடன்பாடு செய்துகொண்டது. தொகை வெளியிடப்படவில்லை. மூச்சில் கலந்ததை நெடுங்காலம் கழித்து எவர் நிரூபிப்பது என்னும் கேள்வியில், நோயுற்றவரே சான்று தேடி அலைய வேண்டியிருந்தது. என் மனத்தை உறுத்துவது இதுவே.

ஆலையின் மண்ணைக் கழுவும் பணி, மூடிப் பல ஆண்டுகள் கழித்தே தொடங்கியது. கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் என்ற அளவுக்கு மண்ணைத் தூய்மையாக்கினால் போதும் என்று வரையறுக்கப்பட்டது. குடியிருப்புக்கு அது பொருந்தலாம், காட்டின் விளிம்புக்கு அது போதாது என்பது சூழலியலாளர் வாதம். அவ்வாதத்தை எளிதில் தள்ள இயலாது. ஆலை நின்ற மேட்டை அடுத்துக் கீழே இறங்குவது பாம்பாற்றுச் சோலை. மழையைப் பஞ்சுபோல் உறிஞ்சிச் சிறுகச் சிறுக ஊற்றாய் விடுவது சோலைக்காட்டின் இயல்பு. எது விழுந்தாலும் அது வாங்கிக்கொள்கிறது. கொடைக்கானல் ஏரியின் நீரிலும் சேற்றிலும் மீனிலும் பாதரசம் இருப்பதை, அணுசக்தித் துறையின் ஹைதராபாத் ஆய்வாளர்கள் 2006-இலேயே பதிவு செய்தனர்.

பாம்பாறு மலையிறங்கிக் கும்பக்கரையில் அருவியாய் விழுகிறது. கோடையில் பெரியகுளத்தார் பிள்ளைகுட்டிகளோடு வந்து குளிப்பது அங்கேதான்.