அடைக்கலம் யாருக்கு?

மெல்பேண் நகரிலிருந்து வடகிழக்காக ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று மேல் வாகனத்தில் போனால், ஹீல்ஸ்வில் என்ற சிறு நகரைத் தாண்டி, மலைகளுக்கு நடுவே மரூண்டா நீர்த்தேக்கம் இருக்கிறது. உணவகச் சமையலறைகளில் வேலை செய்யும் எங்களுக்கு சனி, ஞாயிறு ஓய்வு கிடையாது. திங்கட்கிழமைதான் கிடைக்கும். அன்று அங்கே கூட்டமும் இராது. சிவப்பும் நீலமுமான றொசெல்லாக் கிளிகளையும், உரக்கச் சிரிப்பது போலக் கத்தும் குக்கபராக்களையும், அந்தி நேரத்தில் புல் மேய வரும் வல்லபிகளையும் ஆறுதலாகப் பார்க்கலாம். குளிர்காலமென்றால் ஈரக் காட்டுக்குள்ளிருந்து யாழ்ப்பறவையின் குரல் கேட்கும். ஆண்பறவையின் வால் யாழின் வடிவில் விரிவதால் வந்த பெயர் அது. பிற பறவைகளின் குரல்களை அப்படியே திருப்பிப் பாட வல்லது.

இந்த அமைதிக்கும் ஒரு வரலாறு உண்டு.

மெல்பேணின் குடிநீருக்காக வாட்ஸ் ஆற்றுத் தண்ணீர் 1891இல் நகருக்குத் திருப்பப்பட்டது. தண்ணீர் அசுத்தமாகாதிருக்க, ஆற்றின் மேற்புறத்தில் இருந்த ஃபேர்ன்ஷோ என்ற வெள்ளையர் குடியிருப்பு விலைக்கு வாங்கப்பட்டு அகற்றப்பட்டது. 1927இல் 41 மீற்றர் உயர அணை கட்டி முடிந்தது. நீர்ப்பிடிப்புக் காடு இன்றும் பூட்டப்பட்ட காடுதான். எங்களைப் போன்றவர்கள் அணையடிப் பூங்காவோடு நின்றுவிட வேண்டும்.

ஃபேர்ன்ஷோ மக்களுக்கு விலையாவது கிடைத்தது. அதே பள்ளத்தாக்கில் விலையும் கிடைக்காதவர்கள் இருந்தார்கள். தங்கள் நிலங்களை வெள்ளையரிடம் இழந்த குலின் மக்கள், 1863இல் மலை கடந்து வந்து, ஹீல்ஸ்விலுக்குத் தெற்கே கொரண்டர்க் என்ற குடியேற்றத்தை அமைத்தார்கள். காடு வெட்டி, வீடு கட்டி, பயிர் செய்து வாழ்ந்தார்கள். அந்த நிலத்தையும் பறிக்க முயற்சிகள் நடந்தபோது வில்லியம் பராக் தலைமையில் மெல்பேண்வரை நடந்தே சென்று மனுக் கொடுத்தார்கள். 1886இல் வந்த சட்டம் 34 வயதுக்குட்பட்ட கலப்பினத்தவரை வெளியேற்றியது. உழைக்கக்கூடிய கைகள் போயின. 1903இல் பராக் இறந்தார். 1924இல் கொரண்டர்க் மூடப்பட்டது. எஞ்சியிருந்தவர்களில் பெரும்பாலோர் தொலைவிலுள்ள லேக் ரயேர்ஸ் குடியேற்றத்துக்கு அனுப்பப்பட்டார்கள். சிலர் போக மறுத்துவிட்டார்கள்.

மூடப்படுவதற்கு முன்பே, 1920இல், அந்த நிலத்தின் ஒரு துண்டு விலங்காராய்ச்சிக்காக கொலின் மக்கென்சி என்ற உடற்கூற்றியலாளருக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. 1934இல் அது பொதுமக்களுக்கான வனவிலங்குச் சரணாலயமாகத் திறக்கப்பட்டது. மனிதர் பராமரிப்பில் பிளாட்டிபஸ் குஞ்சு முதன்முதலாக வளர்ந்தது அங்கேதான், 1943இல், டேவிட் ஃப்ளேயின் முயற்சியால். போற்றவேண்டிய சாதனைதான். ஆனால் மனிதருக்கு இல்லாமற்போன அடைக்கலம் அதே மண்ணில் விலங்குகளுக்குக் கிடைத்தது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

அதே 1934இல் இன்னொன்றும் நடந்தது. நரிகளிடமிருந்து காப்பாற்றுவதற்கென்று சில யாழ்ப்பறவைகளை விக்ரோரியாவிலிருந்து தஸ்மேனியாவுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். சொடுக்கிய சாட்டை போல ஒலியெழுப்பும் சாட்டைப்பறவை தஸ்மேனியாவில் கிடையாது. ஆயினும் பல பத்தாண்டுகளின் பின்பும், அங்கே பிறந்த யாழ்ப்பறவைகள் அந்தக் குரலைப் பாடிக்கொண்டிருந்தன. காணாத பறவையின் குரலை மூத்தவை பாடக் கேட்டே இளையவை கற்றிருந்தன.

எங்கள் கொக்கிளாயை நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஊரின் பெயரிலேயே கொக்கு இருக்கிறது. அதன் கடல்நீரேரி 1951இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 1984இன் இறுதியில் அக்கரையோரத் தமிழ்க் கிராம மக்கள் இராணுவத்தால் வெளியேற்றப்பட்டார்கள். வலசைப் பறவைகள் வழமைபோல் வந்து போயின. போர் முடிந்து திரும்பிய மக்களிற் பலர் தங்கள் காணிகள் பிறர் கையில் இருக்கக் கண்டார்கள்.

கொரண்டர்க்கின் ஒரு சிறுபகுதி 1999இல் வாங்கப்பட்டு ஆதிக்குடிகளிடம் திரும்பியது. வெளியேற்றம் நடந்து 75 ஆண்டுகளின் பின். போக மறுத்தவர்களும், போன இடத்தில் பிள்ளைகளுக்கு ஊரின் பெயரைச் சொல்லி வளர்த்தவர்களும் இருந்ததால்தான் கேட்டு வாங்க ஆட்கள் இருந்தார்கள். பிள்ளைகளை மரூண்டாவுக்குக் கூட்டிப்போகும் நாங்கள் பறவைகளின் பெயரோடு கொரண்டர்க் என்ற பெயரையும் சொல்லிக் கொடுக்கிறோம். கொக்கிளாய் என்ற பெயரையும்.