ஜாஸும் நம்ம ஊர்த் தோலும்



மருமகன் வாங்கிக் கொடுத்த ப்ளூடூத் பெட்டியில் நான் ஜாஸ் ஆல்பம் ஒன்று கேட்டுக்கொண்டிருந்ததைப் பேத்தி வீடியோ எடுத்துப் போட்டுவிட்டாள். வந்த கமெண்டுகளில் பாதி "சார், நீங்களா?" என்ற ரகம். ஆம்பூரில் ஷூ கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கும் பழைய மாணவர் ஒருவர், "அது ஸ்டார் ஓட்டல்ல கோட்டு போட்டவங்க கேக்குறது சார், நமக்கு எதுக்கு?" என்று எழுதியிருந்தார். நியாயமான கேள்வி. கமெண்டில் பதில் சொன்னால் அடங்காது, அதனால் இந்தப் பதிவு. வழக்கம்போல நீளம்தான். டீ போட்டு வைத்துக்கொண்டு படிக்கவும்.

ஜாஸின் அடிவாரத்தில் இருப்பது தோல். அந்தத் தோலைத் தட்டியவர்கள், ஊரால் கீழே வைக்கப்பட்டவர்கள். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுக்காரர்களுக்கு அதில் பாத்தியதை உண்டு என்பது என் கட்சி.

கொஞ்சம் பாடம் நடத்துகிறேன். அமெரிக்காவில் 1739-இல் தென் கரோலினா அடிமைகள் கிளர்ந்து எழுந்தார்கள். முரசு கொட்டிக்கொண்டே ஆள் திரட்டினார்கள். மறு வருஷமே அங்கே ஒரு சட்டம் வந்தது: அடிமைகள் முரசு வைத்திருக்கக் கூடாது. தட்டுகிற சத்தத்தைப் பார்த்து எஜமான் பயந்திருக்கிறான் பாருங்கள். நியூ ஆர்லியன்ஸில் மட்டும் நிலைமை கொஞ்சம் வேறு. அங்கே காங்கோ சதுக்கம் என்ற திடலில் ஞாயிற்றுக்கிழமைகளில் அடிமைகள் கூடி முரசு தட்டி ஆடலாம். ஜாஸ் அந்த ஊரில் பிறந்ததற்குப் பல காரணங்களில் அதுவும் ஒன்று. இன்னொரு காரணம் அந்த ஊர்ச் சாவு ஊர்வலம். சவத்தோடு போகும்போது பேண்டு செட்டு மெதுவாக அழுதுகொண்டு போகும், அடக்கம் முடித்துத் திரும்பும்போது துள்ளி ஆடிக்கொண்டு வரும். நம் ஊரில் சாவுக்குப் பறை அடித்து ஆடிப் போவதைப் பார்த்து வளர்ந்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. அதை அடித்தவர்களை நாம் எங்கே நிற்க வைத்தோம் என்பதையும்தான்.

தோல் விஷயத்துக்கு வருகிறேன். இதில் உங்களில் பல பேர் எனக்கே வாத்தியார். பச்சைத் தோலை உப்புப் போக ஊறவைத்து, சுண்ணாம்பில் போட்டு, முடி நீக்கி, சதை வழிக்கிறீர்கள். வாத்தியத்துக்குப் போகும் தோலுக்கும் முடி போக வேண்டும், சதை போக வேண்டும். அதற்கு மேல்தான் பாதை பிரிகிறது. ஆவாரம் பட்டையிலோ குரோமிலோ பதனிட்டால் தோல் மெத்தென்று ஆகிவிடும். செருப்புக்கு நல்லது, சத்தத்துக்கு ஆகாது. வாத்தியத்துக்குப் பதனிடாமல் இழுத்துக் கட்டிக் காயவைத்தால்தான் கணீரென்று பேசும். அமெரிக்க ட்ரம்ஸுக்கும் இதே கதைதான். 1957 வாக்கில் ரெமோ பெல்லி என்பவர் பிளாஸ்டிக் தாளை விற்பனைக்குக் கொண்டுவரும் வரைக்கும் ட்ரம்ஸில் இருந்தது கன்றுத்தோல். மழை நாளில் தொய்ந்து போகும், வெயிலில் விறைத்துக்கொள்ளும். சாக்ஸஃபோனையும் விட்டுவிடாதீர்கள். அதன் ஓட்டைகளை மூடும் ஒவ்வொரு சாவிக்கு அடியிலும் ஒரு சின்னத் தோல் வில்லை இருக்கிறது. அது தேய்ந்துவிட்டால் காற்று கசியும், எப்பேர்ப்பட்ட வித்வானும் ஒன்றும் செய்ய முடியாது.

நான் ஜாஸ் கேட்க ஆரம்பித்தது ஸ்டார் ஓட்டலில் இல்லை. மாமா வீட்டு மர்பி ரேடியோவில்தான். எல்லாரும் இலங்கை வானொலி கேட்பார்கள். அவர்கள் தூங்கியபின் நான் சிற்றலையில் முள்ளைத் திருப்புவேன். அமெரிக்கக் குரல் வானொலியில் வில்லிஸ் கொனோவர் என்ற அறிவிப்பாளர், இங்கிலீஷ் அரைகுறையாகத் தெரிந்தவனுக்கும் புரியும்படி நிறுத்தி நிறுத்திப் பேசுவார். 1955-இல் தொடங்கிய நிகழ்ச்சி. வெளிநாட்டுக்கென்றே நடத்தியதால் அமெரிக்காவுக்குள் ஒலிபரப்பு கிடையாது. கம்யூனிஸ்டு நாடுகளை இசையால் வளைக்க அந்த அரசு போட்ட திட்டம் அது. சரித்திர வாத்தியாருக்கு அது தெரியும். தெரிந்தும் ரசித்தேன்.

அதே திட்டத்தில்தான் ஜாஸ்காரர்கள் சென்னைக்கும் வந்தார்கள். 1958-இல் டேவ் புரூபெக் நால்வர் குழு. பியானோ புரூபெக், சாக்ஸஃபோன் பால் டெஸ்மண்ட், பேஸ் யூஜீன் ரைட், ட்ரம்ஸ் ஜோ மொரெல்லோ. சென்னையில் பழனி சுப்பிரமணியப் பிள்ளையின் மிருதங்கமும் மொரெல்லோவின் ட்ரம்ஸும் எதிரெதிரே உட்கார்ந்து பேசிக்கொண்டன. பிள்ளைவாள் இடது கைக்காரர், கணக்கில் புலி. இவர் ஒன்று தட்ட, அவர் வாங்கித் திருப்பித் தர, பாஷை எதற்கு?

அந்த மிருதங்கத்தை யார் செய்தது என்று அன்றைக்கு யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். மாடு, ஆடு, எருமை மூன்றின் தோலும் சேர்ந்தால்தான் ஒரு மிருதங்கம். அந்தத் தோலைத் தேடி, தடவிப் பார்த்து, அறுத்துக் கட்டித் தருகிறவர்களில் பெரும்பாலோர் தலித் கிறிஸ்தவக் குடும்பத்தார். பாலக்காடு மணி ஐயருக்குச் செய்து கொடுத்த பர்லாந்து போன்றவர்களின் கதையை டி.எம். கிருஷ்ணா 2020-இல் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்று புத்தகமாக எழுதினார். வாசித்தவர் பெயர் ரசிகர்கள் எல்லாருக்கும் தெரியும், செய்தவர் பெயருக்கு இத்தனை வருஷம்.

மேடையின் மறுபக்கம் மட்டும் என்ன வாழ்ந்தது? யூஜீன் ரைட் கறுப்பினத்தவர். சென்னையில் அமெரிக்காவின் பிரதிநிதியாக வந்து வாசித்த அதே மனிதர் மேடையில் இருப்பார் என்பதற்காக, 1960-இல் அமெரிக்கத் தென்மாநிலக் கல்லூரிகள் பல புரூபெக்கின் கச்சேரியை வேண்டாம் என்றன. அவரை மாற்றிக்கொண்டு வாருங்கள் என்றார்கள். புரூபெக் மாற்றவில்லை. பணத்தை விட்டார், ஆளை விடவில்லை. அவருடைய ஆல்பங்களை நான் கேட்க இதுவும் ஒரு காரணம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சென்னைக்கு வந்து போன மறுவருஷம், 1959-இல், அவர்களுடைய 'டைம் அவுட்' வந்தது. அதில் டெஸ்மண்ட் எழுதிய 'டேக் ஃபைவ்' ஐந்து எண்ணிக்கை. தொடையில் தட்டிப் பாருங்கள்: தகிட தக, தகிட தக. நம் கண்ட சாபுவைத் திருப்பிப் போட்ட மாதிரி இருக்கும். நான்குக்கே பழகிய அமெரிக்கக் காது அதை அதிசயமாகக் கேட்டது. நமக்கு அது பக்கத்து வீடு. ஆனால் அந்த ஆல்பத்துக்கு விதை விழுந்தது சென்னையில்தான் என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நம்பாதீர்கள். ஒன்பது எண்ணிக்கைப் பாட்டு ஒன்றை இஸ்தான்புல் தெருக் கலைஞர்களிடம் கேட்டு எடுத்ததாகப் புரூபெக்கே சொல்லியிருக்கிறார்.

1963-இல் டியூக் எலிங்டனின் பெரிய பேண்டு வந்தது. டெல்லி, ஹைதராபாத், பெங்களூர், சென்னை, பம்பாய், கல்கத்தா என்று சுற்றினார்கள். அவர்கள் பயணத்தில் இருந்த அதே செப்டம்பரில்தான் பர்மிங்காம் தேவாலயத்தில் குண்டு வெடித்து நான்கு கறுப்பினச் சிறுமிகள் இறந்தார்கள். அந்த நாட்டின் பெருமையை ஊர் ஊராக வாசித்துக் காட்டும் வேலை ஒரு கறுப்பின மனிதருக்கு. என்ன மனநிலையில் இருந்திருப்பார்! துருக்கியில் இருந்தபோது கென்னடி கொல்லப்பட்டார், பயணம் பாதியில் நின்றது. பிறகு அந்த நினைவில் 'ஃபார் ஈஸ்ட் சூட்' ஆல்பம் செய்தார்கள், 1967-இல் வெளிவந்தது. அதில் 'ஆக்ரா' கேளுங்கள், ஹாரி கார்னியின் கனத்த சாக்ஸஃபோன். டெல்லியில் கேட்ட மைனாவின் குரலைக் கிளாரினெட்டில் வைத்திருக்கும் துண்டும் உண்டு, என் பேத்திக்கு அதுதான் பிடிக்கும்.

பெரிய பேண்டு என்றால் பதினைந்து பேராவது. கல்யாண வீடு மாதிரி. எலிங்டனின் 1956 நியூபோர்ட் கச்சேரியில் பால் கோன்சால்வஸ் ஒரே மூச்சில் இருபத்தேழு சுற்று சாக்ஸஃபோன் ஊதுகிறார், கூட்டம் எழுந்து ஆடுகிற சத்தமே பதிவில் கேட்கும். (பெயரைப் பார்த்து கோவாக்காரர் என்று நினைக்க வேண்டாம், கேப் வெர்டி தீவு வம்சம்.) எம்.எஸ்.வி. காலத்து கிளப் டான்ஸ் பாட்டுகளில் பித்தளை வாத்தியங்கள் திடீரென்று பாய்ந்து வருமே, எல்.ஆர். ஈஸ்வரி அதன் மேல் ஏறி உட்காருவாரே, அது இந்த வம்சம்தான். ஆகவே ஜாஸ் கேட்டதே இல்லை என்று யாரும் சொல்லாதீர்கள்.

மூவர் குழு என்பது வேறு சமாசாரம். பியானோ, பேஸ், ட்ரம்ஸ், அவ்வளவுதான். ஒளிய இடம் கிடையாது. அகமது ஜமால், சிகாகோ பெர்ஷிங் ஓட்டலில் 1958 ஜனவரியில் வாசித்தது என் முதல் சிபாரிசு. பிட்ஸ்பர்க்கில் வேறு பெயரில் பிறந்து, இளம் வயதில் இஸ்லாத்தைத் தழுவியவர். 2023-இல், 92 வயதில் காலமானார். ஆம்பூர், வாணியம்பாடிப் பிள்ளைகளுக்கு இந்தப் பெயரை நான் சொன்னதும் ஒரு நெருக்கம் வந்துவிடும், கவனித்திருக்கிறேன். அந்த மனிதர் வாசிப்பதைவிட வாசிக்காமல் விடுவது அதிகம். 'பாயின்சியானா' பாட்டில் அவர் விடுகிற இடத்திலெல்லாம் வெர்னல் ஃபோர்னியேயின் ட்ரம்ஸ் மெதுவாக நடந்துகொண்டே இருக்கும். ஃபோர்னியே நியூ ஆர்லியன்ஸ்காரர். காங்கோ சதுக்கத்தை நினைத்துக்கொண்டு கேளுங்கள்.

அடுத்து பில் எவன்ஸ், நியூயார்க் வில்லேஜ் வேங்கார்டு, 25 ஜூன் 1961. நிலவறையில் இருக்கும் சின்ன கிளப். கண்ணாடி டம்ளர் சத்தம், யாரோ சிரிப்பது எல்லாம் கேட்கும். பேஸ் வாசித்த ஸ்காட் லஃபேரோ பதினோரே நாளில் கார் விபத்தில் இறந்தார், வயது 25. அது தெரிந்தபின் என்னால் அதைப் பின்னணியில் ஓடவிட முடிவதில்லை.

டிசம்பரில் கேட்க ஒன்று: வின்ஸ் குவரால்டி மூவர் குழுவின் 'சார்லி பிரவுன் கிறிஸ்துமஸ்', 1965. வேலூரில் கேரல் பாடப் போகும் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுங்கள்.

கடைசியாக நம்ம ஊர். கிடார் பிரசன்னா ராணிப்பேட்டையில் வளர்ந்தவர். சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பல் கட்டும் படிப்பு, பிறகு அமெரிக்காவில் பெர்க்லி இசைக் கல்லூரி. கர்நாடக சங்கீதத்தைக் கிடாரில் வாசிப்பவர். அவரும், நியூயார்க் மாநிலத்தில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த பியானோக் கலைஞர் விஜய் ஐயரும், தபலா நிதின் மிட்டாவும் சேர்ந்து 2011-இல் 'தீர்த்தா' என்று ஓர் ஆல்பம் தந்தார்கள். இதுவும் மூவர் குழுதான். பேஸும் ட்ரம்ஸும் இருக்க வேண்டிய இடத்தில் ஆட்டுத்தோல் கட்டிய தபலா. பாலாற்றங்கரை ஊரிலிருந்து போன ஒருவர் ஜாஸ் ஆல்பத்தில் சமமாக உட்கார்ந்திருக்கிறார். இது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

நான் வேலையில் இருந்த காலத்தில் விண்ணப்பப் படிவத்தில் 'தந்தை தொழில்' என்ற இடத்தில் 'வியாபாரம்' என்று எழுதும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அப்பா டேனரியில் சுண்ணாம்புக் குழியில் நிற்பார். சட்டையில் வாசம் இருக்கிறது என்று கடைசி பெஞ்சுக்குப் போய்விடுவார்கள். உங்களில் சிலருக்கு இப்போது ஐம்பது வயது. இந்தப் பதிவு முக்கியமாக உங்களுக்குத்தான். நான் சொன்ன ஆல்பங்கள் யூடியூபில் தேடினால் கிடைக்கும். பெர்ஷிங்கில் தொடங்குங்கள், பிறகு 'டேக் ஃபைவ்'. 'தீர்த்தா'வை மட்டும் ஹெட்போனில் கேளுங்கள், போன் ஸ்பீக்கரில் தபலாவின் இடது பக்கம் கேட்காது.