அந்தியில் பத்துமலை மேல் பறப்பது வௌவால் பருந்தா? எப்படிக் கண்டுபிடிப்பது?

பத்துமலை என்றதும் நமக்கு ஞாபகம் வருவது 272 படிகளும் 42.7 மீட்டர் உயர முருகன் சிலையும்தான். படியேறும்போது குரங்கு பையைப் பிடுங்கிவிடுமோ என்ற கவலையில் வானத்தைப் பார்க்க யாருக்கும் நேரமிருக்காது. ஆனால் பறவை பார்ப்பவர்களுக்கு, சூரியன் மறைந்த பிறகு வரும் அரை மணி நேரம்தான் இந்த மாதிரி சுண்ணாம்புக்கல் மலையில் முக்கியமான நேரம். குகையிலிருந்து வௌவால்கள் கிளம்பும். அவற்றைப் பிடிக்க வேட்டைப் பறவைகளும் வரலாம். அவற்றில் அரிதானது 'பேட் ஹாக்'. தமிழில் வௌவால் பருந்து என்று சொல்லலாம்.

இது என்ன பறவை?

இந்தப் பறவைக்கும் நம் நாட்டுக்கும் பழைய தொடர்பு உண்டு. மலாக்காவில் கிடைத்த பறவையை வைத்துத்தான் 1850-இல் இதற்கு அறிவியல் பெயர் வைத்தார்கள். தென்கிழக்காசியா, நியூ கினி, ஆப்பிரிக்கா என்று பரவி இருந்தாலும் எங்கேயும் கூட்டமாக இருக்காது. பகலில் பெரிய மரத்தின் நிழலில் சும்மா உட்கார்ந்திருக்கும். வேட்டையெல்லாம் பெரும்பாலும் அந்தி நேரத்தில்தான். அதனால்தான் கண்ணில் படுவது அபூர்வம்.

வௌவாலைக் காலால் பிடித்து, பறந்துகொண்டே முழுசாக விழுங்கிவிடும். அலகு சின்னதாகத் தெரிந்தாலும் வாய் அகலமாகத் திறக்கும். கிளையில் உட்கார்ந்து கிழித்துத் தின்று நேரத்தை வீணாக்கினால் வௌவால் கூட்டம் போய்விடும் இல்லையா?

எதைக் கவனிக்க வேண்டும்?

மங்கிய வெளிச்சத்தில் எல்லாப் பறவையும் கறுப்பாகத்தான் தெரியும். ஆகவே நிறத்தைக் கடைசியாகப் பாருங்க. முதலில் இவற்றைக் கவனிங்க:

அளவு: நீளம் சுமார் 45 செ.மீ. ஊர்க் காகத்தைவிடக் கொஞ்சம் பெரியது.

இறக்கை: நீளமானது, நுனி கூர்மையானது. ஆனால் உடம்போடு சேரும் இடத்தில் அகலமாக இருக்கும்.

பறக்கும் விதம்: சாதாரணமாகப் போகும்போது இறக்கையை நிதானமாக, ஆழமாக அடிக்கும். வௌவாலைக் கண்டதும் டக்கென்று வேகமெடுத்துத் துரத்தும்.

நிறம்: வெளிச்சம் இருந்தால் உடம்பு முழுக்க கரும்பழுப்பு, தொண்டையில் வெள்ளை, பெரிய மஞ்சள் கண். இளம் பறவைக்கு வயிற்றுப் பக்கம் வெள்ளை கூடுதலாக இருக்கும்.

எதோடு குழப்பிக்கொள்வோம்?

பெரிய குழப்பம் பைரியோடுதான். ஆங்கிலத்தில் பெரக்ரின் ஃபால்கன். சுண்ணாம்புக்கல் பாறைகளில் கூடு கட்டும் பைரி மலேசியாவிலேயே உண்டு. வடக்கிலிருந்து வலசை வருவதும் உண்டு. அதற்கும் கூர்மையான இறக்கை, கிட்டத்தட்ட அதே அளவு. புறாவைப் பிடிக்கும் பறவைதான், ஆனால் அந்தியில் வௌவாலையும் விடாது. ஆகவே "வௌவாலைத் துரத்தியது, அப்போ வௌவால் பருந்துதான்" என்று முடிவு கட்ட முடியாது.

வித்தியாசம் இதுதான். பைரியின் இறக்கை அடிப்பு விறைப்பாக, வேகமாக இருக்கும். வால் ஒப்பீட்டில் குட்டை. தலையில் கறுப்புத் தொப்பி போட்ட மாதிரி இருக்கும், கண் கறுப்பு. மார்பு வெளிறியும், அதற்குக் கீழே குறுக்குக் கோடுகளும் தெரியும். வளர்ந்த வௌவால் பருந்தின் வயிற்றில் அந்தக் கோடுகள் கிடையாது.

பக்கிக் குருவியும் அந்தியில்தான் வெளியே வரும். ஆனால் அது தாழ்வாகப் பறக்கும், ஆணின் இறக்கையில் வெள்ளைப் புள்ளி பளிச்சென்று தெரியும். பகலில் வட்டமடிக்கும் செம்பருந்தின் இறக்கை அகலமானது, தலை வெள்ளை. அதில் குழப்பமே வராது.

எப்படிப் பார்ப்பது?

கோலாலம்பூரில் சூரியன் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய இரவு 7 மணிக்கும் 7.30-க்கும் இடையில் மறைகிறது. அதற்கு 20 நிமிடம் முன்பே மலையடிவாரத்தில், மேற்கு வானம் திறந்து தெரியும் இடத்தில் நின்றுகொள்ளுங்க. வெளிச்சமான வானத்தின் முன்னால்தான் உருவம் தெளிவாகத் தெரியும். கேடிஎம் ரயிலில் போனால் நிலையம் கோயில் பக்கத்திலேயே. பைனாகுலர் போதும். கைத்தொலைபேசியில் படம் பிடிப்பதைவிட வீடியோ எடுப்பது நல்லது. இறக்கை அடிக்கும் விதம் அதில்தான் பதிவாகும். குகைக்குள் டார்ச் அடித்து வௌவால்களைக் கலைக்க வேண்டாம்.

சந்தேகம் இருந்தால்?

"வௌவால் பருந்து அல்லது பைரி" என்றே எழுதி வையுங்க. நேரம், இடம், என்ன செய்தது என்பதையும் சேருங்க. அது தோல்வி இல்லை, நேர்மையான பதிவு. இ-பேர்ட் போன்ற தளங்களில் அரிய பறவையைப் பதிந்தால் சரிபார்ப்பவர்கள் ஆதாரம் கேட்பார்கள். கூட்டைக் கண்டால் இடத்தைச் சமூக ஊடகத்தில் போடாதீங்க.

ஒரு பறவைக்கு ஏன் இவ்வளவு கவனம்?

இந்தப் பருந்து வாழ வௌவால் வேண்டும், வௌவால் வாழ குகை வேண்டும். பத்துமலை வௌவால்களில் பூந்தேன் குடிக்கும் இனமும் உண்டு. டுரியான் பூவில் மகரந்தச் சேர்க்கை செய்வது அதுதான். அவை சுமார் 38 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கடலோரச் சதுப்புநிலக் காடுவரை இரை தேடிப் போவதாக 1970-களில் நடந்த ஆய்வு காட்டியது. அதாவது மலைக்கு ஒன்று நேர்ந்தால் பாதிப்பு மலையோடு நிற்காது.

பத்துமலையில் முன்பு கல்லுடைப்பு நடந்தது. 2012-இல் மலைக்குப் பக்கத்தில் அடுக்குமாடி கட்டும் திட்டத்துக்கு எதிராக மக்கள் திரண்டார்கள். அப்படிப்பட்ட நேரங்களில் "இங்கே என்ன உயிரினம் இருக்கிறது?" என்ற கேள்வி வரும். அதற்கு நம்பகமான பதிவு மட்டும்தான் பதிலாக நிற்கும். ஒரு பைரியை வௌவால் பருந்து என்று எழுதிவைத்து, பிறகு அது தவறு என்று தெரிந்தால், உண்மையான பதிவுகளையும் யாரும் நம்பமாட்டார்கள்.

அடுத்த முறை பத்துமலைக்குப் போனால் அந்தி சாயும்வரை கொஞ்சம் பொறுத்திருந்து, மேலே பாருங்க.