நைட்டெல்லாம் சொறிஞ்சுக்கிட்டே இருக்கீங்களா? எக்ஸிமாவைத் தூண்டிவிடும் அன்றாட விஷயங்கள்... கண்டுபிடிப்பது எப்படி?

ராத்திரி 2 மணி. முழங்கை மடிப்பில் ஆரம்பித்த அரிப்பு உங்களைத் தூங்கவிடவில்லை. சொறிந்தால் சுகமாக இருக்கிறது, நிறுத்தினால் எரிகிறது. காலையில் பார்த்தால் பெட்ஷீட்டில் ரத்தப் புள்ளிகள். வெயில் கொளுத்தினாலும் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்புகிறீர்கள். `கையில என்ன அது... ஒட்டிக்குமா?' என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற பயம் வேறு.

முதலில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிடலாம். ஒட்டாது. எக்ஸிமா தொற்றுநோய் அல்ல. நம் ஊரில் `கரப்பான்' என்று பொதுவாகச் சொல்லப்படும் சருமப் பிரச்னைகளில் இதுவும் ஒன்று.

நம் சருமத்தின் மேலடுக்கை ஒரு செங்கல் சுவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். செல்கள்தான் செங்கல், இடையில் உள்ள கொழுப்புதான் சிமென்ட். எக்ஸிமா உள்ளவர்களுக்கு இந்தச் சுவர் பலவீனமாக இருக்கும். உள்ளே இருக்கும் ஈரம் வெளியேறிவிடும். வெளியே இருக்கும் சோப்பு, தூசு எல்லாம் சுலபமாக உள்ளே நுழையும். உடனே நோய் எதிர்ப்பு மண்டலம் சண்டைக்குக் கிளம்ப, அரிப்பும் சிவப்பும் வரும். இப்படித் தூண்டிவிடுவதைத்தான் `ட்ரிகர்' என்கிறார்கள். அது ஆளுக்கு ஆள் மாறும். உங்களுடையது எது?

பாத்ரூமில் தொடங்குங்கள்

சருமத்தின் இயல்பான பி.ஹெச் அளவு சுமார் 5. சாதாரண சோப்புக்கட்டியின் அளவோ 9 முதல் 10 வரை இருக்கும். `நல்லா நுரை வந்தாதான் குளிச்ச மாதிரி இருக்கு' என்று தேய்க்கத் தேய்க்க, அந்த சிமென்ட்தான் கரைகிறது. சுடச்சுட வெந்நீரும் அதைத்தான் செய்யும். வாசனையில்லாத, மைல்டான கிளென்ஸர், வெதுவெதுப்பான தண்ணீர், 10 நிமிடங்களுக்குள் குளியல்... இது போதும். துண்டால் தேய்க்காமல் ஒற்றியெடுத்து, ஈரம் முழுவதும் காய்வதற்குள் மாய்ஸ்சரைசர் பூசுங்கள். குளியல் நீரில் ஆன்டிசெப்டிக் திரவம் கலக்காதீர்கள். எலுமிச்சைச்சாறு, வினிகர் போன்றவற்றை வெடித்த சருமத்தில் தடவவே வேண்டாம்.

நகை, பொட்டு, ஹேர் டை

தொப்புளுக்குக் கீழே மட்டும் அரிக்கிறதா? ஜீன்ஸ் பட்டனைச் சந்தேகப்படுங்கள். காது மடலில் என்றால், கவரிங் கம்மல். இரண்டிலும் நிக்கல் இருக்கலாம். நெற்றி நடுவில் என்றால், ஸ்டிக்கர் பொட்டின் பசை. தலையோரமும் காதுக்குப் பின்னாலும் என்றால், ஹேர் டை. `கறுப்பு மெஹந்தி'யிலும் பெரும்பாலும் அதே டை ரசாயனம்தான் கலக்கப்படுகிறது. எங்கே அரிக்கிறது என்பதே பாதி துப்பு!

உடையில் கம்பளியும் உடம்பை ஒட்டிப் பிடிக்கும் சிந்தெடிக் துணியும் வேண்டாம். தளர்வான பருத்தி நல்லது. புதுத்துணியைத் துவைத்த பிறகே உடுத்துங்கள். வாஷிங் மெஷினில் ஒருமுறை கூடுதலாக அலசவிடுங்கள். பாத்திரம் கழுவும்போது, உள்ளே பருத்திக் கையுறை, மேலே ரப்பர் கையுறை.

வியர்வை, ஏ.சி, டென்ஷன்

வியர்வை காய்ந்து உப்பு தங்கினால் அரிப்பு கூடும். ஜிம் முடிந்ததும், பைக் பயணம் முடிந்ததும் சாதாரணத் தண்ணீரில் அலசி உடை மாற்றுங்கள். ஏ.சி அறையோ சருமத்தை உலர்த்திவிடும். மேசையில் ஒரு மாய்ஸ்சரைசர் இருக்கட்டும். தலையணை உறை, பெட்ஷீட்டை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவைத்தால் தூசுப்பூச்சிகள் குறையும்.

எக்ஸாம் நேரத்திலும் இன்டர்வியூவுக்கு முந்தைய நாளிலும் அரிப்பு அதிகமாவது உங்கள் கற்பனை அல்ல. மனஅழுத்தமும் ஒரு ட்ரிகர்தான்.

கத்திரிக்காய், கருவாடு ஆகாதா?

`கரப்பான் பண்டம், தொடாதே' என்று வீட்டில் சொல்வார்கள். பெரியவர்களுக்கு உணவு மட்டுமே எக்ஸிமாவுக்குக் காரணமாவது குறைவு. தீவிர எக்ஸிமா உள்ள சிறு குழந்தைகள் சிலருக்கு முட்டை, பால் போன்றவை தூண்டலாம். குறிப்பிட்ட ஒன்றைச் சாப்பிடும்போதெல்லாம் அரித்தால் குறித்துவைத்து டாக்டரிடம் சொல்லுங்கள். நீங்களாகவே ஒவ்வொன்றாக நிறுத்தினால் சத்துக்குறைவுதான் மிஞ்சும்.

போன்தான் துப்பறிவாளர்

சருமத்தில் படும் பொருள்களால் வரும் அலர்ஜி பெரும்பாலும் உடனே காட்டாது. ஒன்றிரண்டு நாள்கள் கழித்தே வெளியே தெரியும். அதனால்தான் பலர் தவறான பொருள்மீது பழிபோடுகிறார்கள். நான்கு வாரங்கள், தினமும் ஒரு நிமிடம் போனில் எழுதுங்கள்: அரிப்பு 10-க்கு எத்தனை, எந்த இடம், புதிதாக என்ன பயன்படுத்தினீர்கள், வியர்த்ததா, தூக்கம் எப்படி. வாரம் ஒரு போட்டோ. அரிப்பு கூடிய நாளிலிருந்து மூன்று நாள்கள் பின்னோக்கிப் பாருங்கள். சந்தேகப்படும் பொருளை இரண்டு, மூன்று வாரங்கள் நிறுத்திப் பாருங்கள். ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும். நான்கை ஒன்றாக நிறுத்தினால், எது காரணம் என்றே தெரியாமல் போய்விடும். அப்படியும் பிடிபடவில்லை என்றால், சரும மருத்துவர் முதுகில் ஒட்டிப் பார்க்கும் `பேட்ச் டெஸ்ட்' உதவும்.

இதை மட்டும் செய்யாதீங்க!

மெடிக்கல் ஷாப்பில் `அரிப்புக்கு ஒரு க்ரீம் கொடுங்க' என்று கேட்டு வாங்காதீர்கள். அதில் ஸ்டீராய்டு இருக்கலாம். உங்களுக்கு வந்திருப்பது படர்தாமரையாக இருந்தால், அது அரிப்பை அடக்கிவிட்டு, உள்ளுக்குள் பரவவிடும். அதே ஸ்டீராய்டை, எக்ஸிமாவுக்கு மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன நாள்கள் மட்டும் பூசினால் பயப்படத் தேவையில்லை.

மஞ்சள் நிறப் பொருக்கு, சீழ், காய்ச்சல், கொத்தாக வலியுடன் கொப்புளங்கள்... இவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

எக்ஸிமா அடிக்கடி வந்துபோகும் விருந்தாளி. ஆனால், அதற்குக் கதவைத் திறந்துவிடுவது எது என்று தெரிந்துவிட்டால், வருகையைக் குறைக்கலாம். இன்றைக்கு ராத்திரி அரித்தால், சொறிவதற்கு முன் ஈரத்துணியை ஒற்றி, மாய்ஸ்சரைசர் தடவுங்கள். அப்புறம் போனை எடுத்து முதல் குறிப்பை எழுதுங்கள்!