குரலைச் சுமந்தவர்கள்

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, ஆடலரங்கின் அளவுகளைக் கோல் கணக்கில் கூறுகிறது. நீளம் எட்டுக் கோல். அகலம் ஏழு கோல். உயரம் ஒரு கோல். அரங்கத் தூண்களின் நிழல் ஆடுமிடத்திலும் அவையிலும் விழாதவாறு விளக்கு வைக்கப்பட்டதையும் இளங்கோவடிகள் சொல்லத் தவறவில்லை. ஆடலாசான், இசையாசான், புலவன், தண்ணுமையோன், குழலோன், யாழோன் என ஒவ்வொருவரின் தகுதியும் அங்கே தனித்தனியே விரிக்கப்படுகிறது. விளக்கை இடமறிந்து வைத்தவன் மட்டும் காப்பியத்தில் உருப்பெறவில்லை. அவன் வேலை சரியாக நடந்ததற்கு அடையாளம், நிழல் விழவில்லை என்பது ஒன்றே.

இருபதாம் நூற்றாண்டின் இசையரங்கில் அவ்விளக்குக்காரனின் இடத்தில் நிற்பவர் ஒலிப்பொறியாளர். ஊர் ஊராகச் செல்லும் பாடகர் குழுவுடன் அவரும் செல்கிறார். பாடல் நன்றாக ஒலித்தால் புகழ் பாடகருக்குச் சேர்கிறது. ஒலி கெட்டால் பல்லாயிரம் தலைகள் அவர் பக்கம் திரும்புகின்றன. இத்தொழிலின் வரலாறு அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உருவானது. அது வெற்றிகளால் மட்டும் வளர்ந்ததன்று. கேளாமற்போன பாடல்களே அதனை ஈன்றன.

குரலின் எல்லை

கருவிகள் தோன்றுமுன் குரல் எவ்வளவு தொலைவு செல்லும் என்னும் வினாவை 1739ஆம் ஆண்டு பிலடெல்பியா நகரில் பெஞ்சமின் பிராங்ளின் எழுப்பினார். ஜார்ஜ் ஒயிட்ஃபீல்டு என்னும் சமயப் பேச்சாளர் திறந்த வெளியில் உரையாற்றினார். பிராங்ளின் தெருவழியே பின்னோக்கி நடந்து, சொற்கள் தெளிவு இழக்கும் இடம் எது எனக் கண்டார். அத்தொலைவை ஆரமாகக் கொண்டு அரைவட்டம் ஒன்றைக் கற்பனையில் வரைந்து, ஒருவருக்கு இரண்டு சதுர அடி எனப் பங்கிட்டு, முப்பதாயிரம் பேருக்கு மேல் அக்குரலைக் கேட்கலாம் எனக் கணக்கிட்டார். தம் தன்வரலாற்றில் அவரே இதனை எழுதியுள்ளார். அவைக்கும் குரலுக்கும் இடையே உள்ள வெளியைக் காலால் அளந்த அச்செயலில் பின்னாளைய ஒலிப்பொறியாளரின் முதற்சாயலைக் காணலாம்.

அவ்வெல்லையை மின்சாரம் உடைத்தது. பீட்டர் ஜென்சன், எட்வின் பிரிதாம் என்னும் இருவர் கலிபோர்னியாவின் நாப்பா நகரில் ஒலிபெருக்கியை உருவாக்கி, 1915ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் முன்னிரவில் சான் பிரான்சிஸ்கோ நகர மன்றத்தின் முன் பெருந்திரளான மக்கள் கேட்குமாறு இசையையும் பேச்சையும் முழங்கச் செய்தனர். 1919 செப்டம்பரில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சன் சான்டியாகோ விளையாட்டரங்கில் கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று பேச, ஏறத்தாழ ஐம்பதாயிரம் பேர் இக்கருவி வழியே கேட்டனர். பேச்சுக்குப் பிறந்த இக்கருவி பாட்டுக்கும் விரைவில் வந்தது. எனினும் அடுத்த நாற்பது ஆண்டுகளில் அது பெரும்பாலும் அரங்கத்தின் சொத்தாகவே இருந்தது. பாடகர் எந்த ஊருக்குச் சென்றாலும் அவ்வூர் அரங்கத்தில் என்ன பொருத்தப்பட்டிருந்ததோ, அதுவே அன்றைய அவர் விதி.

கேளாத பாடல்

அவ்விதியின் கொடுமை 1965இல் உலகறிய வெளிப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் நியூயார்க்கின் ஷே விளையாட்டரங்கில் பீட்டில்ஸ் குழுவினர் ஐம்பத்தையாயிரத்துக்கு மேற்பட்டோர் முன் பாடினர். அவர்களுடைய கிட்டார்களுக்கென வாக்ஸ் நிறுவனம் நூறு வாட் திறனுள்ள மின்பெருக்கிகளைச் செய்து கொடுத்திருந்தது. குரலோ, பேஸ்பால் ஆட்டத்தின் அறிவிப்புகளைச் சொல்வதற்கென அரங்கில் அமைந்திருந்த ஒலிபெருக்கிகளின் வழியே சென்றது. இரசிகர்களின் கூச்சல் இரண்டையும் விழுங்கிற்று. அத்தகைய மேடைகளில் தமக்கு எதுவும் கேட்பதில்லை என்றும், முன்னே நிற்பவர்களின் உடலசைவைப் பார்த்தே பாட்டு எவ்விடத்தில் இருக்கிறது என்று அறிந்துகொண்டதாகவும் முரசறைந்த ரிங்கோ ஸ்டார் பின்னாளில் கூறியுள்ளார். 1966 ஆகஸ்டு 29ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோவின் கேண்டில்ஸ்டிக் அரங்கில் பாடியதோடு அக்குழு சுற்றுப்பயணத்தையே கைவிட்டது. களைப்பு, அச்சுறுத்தல் எனக் காரணங்கள் பல. தாம் பாடுவது தமக்கே கேட்காத நிலையில் கலை தேய்கிறது என்ற வருத்தமும் அவற்றுள் ஒன்று.

அதே 1965ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் நாள் நியூபோர்ட் நாட்டார் இசை விழாவில் பாப் டிலன் மின்கிட்டாருடன் மேடையேறினார். அவையில் எதிர்ப்பொலி எழுந்தது. அது மின்கருவியைக் கண்ட சினமா, சொற்கள் கேளாத சினமா என்ற வழக்கு இன்றும் தீரவில்லை. மேடையருகே நின்று வெகுண்ட மூத்த பாடகர் பீட் சீகர், தம் கோபம் மின்கிட்டாரின்மேல் அன்று, சொற்கள் விளங்காதவாறு ஒலி சிதைந்ததன்மேல்தான் என்று பிற்காலத்தில் விளக்கினார். 2016இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்ற ஒரு பாவலரின் வாழ்வில், திருப்புமுனை எனப் போற்றப்படும் மாலையொன்று, சொல் கேட்டதா இல்லையா என்னும் வழக்காகவே எஞ்சியிருப்பது எண்ணத்தக்கது.

பாரவண்டி ஏறிய ஒலி

தீர்வு, பெருநகர நிறுவனங்களிலிருந்து வரவில்லை. பென்சில்வேனியாவின் லிட்டிட்ஸ் என்னும் சிற்றூரில் ராய் கிளேர், ஜீன் கிளேர் என்னும் உடன்பிறந்தார் இருவர் இருந்தனர். 1954இல் தந்தை கிறிஸ்துமஸ் பரிசாகத் தந்த ஒலிபெருக்கித் தொகுதியே அவர்களுக்கு முதலாயிற்று. 1966இல் அருகிலிருந்த கல்லூரியொன்றில் ஃபோர் சீசன்ஸ் குழுவின் நிகழ்ச்சிக்கு அவர்கள் ஒலியமைத்தனர். அதன் தெளிவு கண்ட குழுவினர், தம்முடன் பயணத்துக்கு வருமாறு அவர்களை அழைத்தனர். அரங்கத்தின் ஒலியை நம்பாமல், பாடகர் தம் ஒலியைத் தம்முடனேயே கொண்டுசெல்லும் வழக்கம் இவ்வாறு வேரூன்றிற்று.

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மெட்ஃபோர்டைச் சேர்ந்த பில் ஹான்லி மற்றொரு முன்னோடி. நியூபோர்ட் இசை விழாக்களில் தேர்ந்த அவரிடமே 1969ஆம் ஆண்டின் உட்ஸ்டாக் விழா ஒப்படைக்கப்பட்டது. மேய்ச்சல் நிலச் சரிவில் எழுபதடி உயரச் சாரக்கோபுரங்களை எழுப்பி, ஒன்றரை இலட்சம் முதல் இரண்டு இலட்சம் பேர் கேட்குமாறு அவர் ஒலியமைத்தார். வந்தவர்களோ நான்கு இலட்சத்துக்கு மேல். ஆகஸ்டு 17ஆம் நாள் பிற்பகல் இடியும் மழையும் காற்றும் சுழன்றடித்தபோது, பாட்டை ஏற்றிச் சென்ற அதே ஒலிபெருக்கிகள், கோபுரங்களிலிருந்து விலகுமாறு மக்களைத் திரும்பத் திரும்ப வேண்டின. காணாமற்போனோர் பெயர், மருந்துச் செய்தி, எச்சரிக்கை என அந்நாட்களில் ஒரு நகரத்தின் அளவுக்குப் பெருகிவிட்ட கூட்டத்தை ஒன்றாகப் பிணைத்த நரம்பு அவ்வொலியமைப்பே. அது அறுந்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதை ஊகிக்கலாம்.

கூட்டம் பெருகப் பெருக இயற்கை விதி ஒன்றும் குறுக்கே வந்தது. ஒலி ஒரு நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் மட்டுமே செல்கிறது. மேடையிலிருந்து 170 மீட்டர் தள்ளி நிற்பவருக்குப் பாட்டு அரை நொடி பிந்தி வருகிறது. அவரருகே மற்றோர் ஒலிபெருக்கி வைத்தாலோ, மின்கம்பி வழி உடனே வந்த ஒலியும் காற்றின் வழி பிந்தி வந்த ஒலியும் மோதிச் சொல் இரட்டிக்கிறது. ஆதலின் தொலைக்கோபுரத்து ஒலியை வேண்டுமென்றே தாமதப்படுத்த வேண்டும். 1973 ஜூலை 28ஆம் நாள் ஏறத்தாழ ஆறு இலட்சம் பேர் திரண்ட வாட்கின்ஸ் கிளென் விழாவில் அதற்கென மின்னணுத் தாமதக் கருவிகள் கையாளப்பட்டன. தொலைவில் இருப்பவனுக்கும் அதே பாட்டு, அதே தெளிவுடன் சேர வேண்டும் என்பது வணிகக் கணக்கு மட்டுமன்று. அதில் ஓர் அறமும் உண்டு.

சுவர் எழுந்ததும் வீழ்ந்ததும்

அவ்வறத்தை அதன் எல்லைவரை கொண்டுசென்றவர்கள் கிரேட்ஃபுல் டெட் குழுவினர். ஆஸ்லி ஸ்டான்லி என்னும் ஒலிக்கலைஞரின் கனவும், டான் ஹீலி, ரான் விக்கர்ஷாம் முதலானோரின் உழைப்பும் சேர்ந்து 'ஒலிச்சுவர்' என அழைக்கப்பெற்ற அமைப்பை உருவாக்கின. 1974 மார்ச் 23ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோவை அடுத்த கௌ பாலஸ் அரங்கில் அது முழு உருவில் நின்றது. ஏறத்தாழ அறுநூறு ஒலிபெருக்கிகள். இருபத்தாறாயிரம் வாட்டுக்கு மேற்பட்ட திறன். எழுபத்தைந்து டன் எடை. ஒவ்வொரு கருவிக்கும் தனி ஒலித்தொகுதி இருந்ததால் ஒன்றன் ஒலி மற்றொன்றைக் கலக்கவில்லை.

சுவர் பாடகர்களின் முன்னே அன்று, முதுகுக்குப் பின்னே நின்றது. அவை கேட்டதையே அவர்களும் கேட்டனர். பெருக்கிய ஒலி மீண்டும் ஒலிவாங்கியில் புகுந்தால் அலறல் எழும் என்பது இத்துறையின் பழைய பகை. அதனை வெல்ல ஒவ்வொரு பாடகருக்கும் இரண்டு ஒலிவாங்கிகள் எதிரெதிர் மின்நிலையில் இணைக்கப்பட்டன. பாடகர் மேலுள்ளதில் மட்டும் பாடினார். சுவரின் ஒலி இரண்டிலும் சமமாகப் புகுந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, குரல் மட்டும் எஞ்சியது.

இவ்வமைப்பில் அவையின் நடுவே அமர்ந்து ஒலி கலப்பவருக்கு வேலையில்லை. பாடுபவருக்கும் கேட்பவருக்கும் இடையே எவரும் நிற்கலாகாது என்பது அக்கனவின் உட்கிடை. ஆனால் இடையாளை நீக்க எழுந்த சுவரைத் தூக்கி நிறுத்த இருபதுக்கு மேற்பட்ட ஆட்கள் தேவைப்பட்டனர். ஓரூரில் நிகழ்ச்சி நடக்கையிலேயே அடுத்த ஊருக்கு மற்றொரு மேடை முந்திச் சென்று எழ வேண்டியிருந்தது. எண்ணெய் விலை ஏறியிருந்த காலம் அது. பளுவும் செலவும் களைப்பும் கூடின. 1974 அக்டோபரில் வின்டர்லேண்ட் அரங்க நிகழ்ச்சிகளோடு குழு பயணத்தை நிறுத்தியது, சுவர் பிரிக்கப்பட்டது. மனித முதுகுகள் தாங்கக்கூடிய அளவே ஒலியின் அளவு என்ற பாடம் எஞ்சிற்று.

பின்வந்தோர் தெளிவைக் கைவிடாமல் எடையைக் குறைத்தனர். பிரான்சு நாட்டின் கிறிஸ்டியன் ஹீல், மார்செல் உர்பன் ஆகியோர் 1992இல் முன்வைத்த ஆய்வின் வழி வந்த அமைப்பில், ஒலிபெருக்கிகள் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொங்கி, ஒரே நெடிய ஒலிமூலம்போல் இயங்குகின்றன. அருகிருப்போரைச் செவிடாக்காமல் தொலைவிலிருப்போரை எட்டும் இவ்வமைப்பே பெரிய அரங்குகளின் வழக்காயிற்று.

ஒரு நாளும் ஒரு செவியும்

பயணத்தில் ஒலிப்பொறியாளரின் நாள், பாடகர் கண்விழிக்குமுன் தொடங்குகிறது. காலையில் பாரவண்டிகள் வந்து நிற்கும். பெட்டிகள் இறங்கும். ஒலிபெருக்கிகள் கூரையில் ஏறும். ஒவ்வொரு கம்பியும் சோதிக்கப்படும். பிற்பகலில் வெற்று அரங்கில் ஒத்திகை. அங்கே சரிசெய்த ஒலி இரவில் அப்படியே நிற்பதில்லை. மனித உடல்கள் ஒலியை உறிஞ்சுகின்றன. வெப்பமும் ஈரமும் காற்றை மாற்றுகின்றன. ஆதலின் முதற்பாட்டு முடிவதற்குள் அவர் மீண்டும் தொடக்கத்திலிருந்து கேட்க வேண்டும். நிகழ்ச்சி முடிந்து அவை கலைகையில் பெட்டிகள் மீண்டும் வண்டியேறும். விடியலில் வேறோர் ஊர், வேறோர் கூரை, அதே பாட்டு.

மேடையோரத்தில் மற்றொரு பொறியாளர் இருப்பார். பாடகர்க்கு அவர்தம் குரலையே திருப்பிக் கொடுப்பது அவர் பணி. நெடுங்காலம் மேடைத்தரையில் சாய்த்து வைத்த ஒலிபெருக்கிகளே அதற்கு உதவின. 1995இல் வான் ஹேலன் குழுவின் மேடை ஒலியைக் கவனித்த ஜெரி ஹார்வி, முரசறைபவரான அலெக்ஸ் வான் ஹேலனுக்கெனக் காதுக்குள் பொருத்தும் சிறுகருவியைச் செய்தார். அவ்வகைக் கருவிகள் பரவப் பரவ மேடை இரைச்சல் தணிந்தது. அவையின் ஆரவாரமும் பாடகரை எட்டாமற் போனது. எனவே கூட்டத்தை நோக்கித் தனி ஒலிவாங்கிகள் வைத்து, கைதட்டலையும் கலந்து காதுக்குள் அனுப்பலாயினர். 1966இல் கூட்டத்தின் ஒலி பாடகனை மூழ்கடித்தது. இப்போது அவ்வொலியை அளந்து ஊட்ட வேண்டியதாயிற்று.

இத்தொழில் கேட்கும் விலை செவி. அமெரிக்கத் தொழில்நலக் கழகத்தின் பரிந்துரைப்படி 85 டெசிபல் ஒலியை ஒருவர் எட்டு மணி நேரம் தாங்கலாம். மூன்று டெசிபல் ஏறுந்தோறும் அந்நேரம் பாதியாகும். நூறு டெசிபலில் பதினைந்து நிமிடமே. இரவுதோறும் இரண்டு மணி நேரம் அதன் நடுவே நிற்பவரின் நிலை சொல்லாமலே விளங்கும். உரத்த ஒலியையே பெருமையாகக் கொண்ட காலமும் இருந்தது. 1976இல் இலண்டனின் சார்ல்ட்டன் விளையாட்டரங்கில் பாடிய தி ஹூ குழுவைக் கின்னஸ் ஏடு மிக உரத்த குழுவெனப் பதிந்தது. செவிக்குக் கேடு என்பதால் அப்பிரிவையே பின்னர் கைவிட்டது. அக்குழுவின் பீட் டவுன்ஷெண்ட் ஓயாத காதிரைச்சலால் துன்புற்றதை மறைக்கவில்லை. பாடகரின் செவிக்கேடு செய்தியாகிறது. பொறியாளரின் செவி மங்கினாலோ, அவர் தொழிலே மங்குகிறது. அது பற்றி ஊர் பேசுவதில்லை.

எந்தக் கவிதையும் அவையை அடையுமுன் ஒரு வெளியைக் கடக்க வேண்டியிருக்கிறது. பிராங்ளின் காலால் அளந்த அவ்வெளியில், ஒரு நூற்றாண்டுக்காலமாகச் சிலர் கம்பியும் பெட்டியும் சுமந்து நிற்கின்றனர். அரங்கின் கடைசி வரிசையில் நிற்பவன் சொல்லைச் சிதையாமல் கேட்டு, அது பாடகனின் வாயிலிருந்து நேரே தன்னிடம் வந்ததாக நம்பி வீடு திரும்பினால், அவர்கள் வேலை நிறைவுற்றது என்பது பொருள். புகாரின் அரங்கில் தூணின் நிழல் விழாத அந்த இரவும் அவ்வாறே நிறைவுற்றிருக்கும்.