டீசல் பிக்-அப்பிற்கு டிஃப் லாக்: தோட்டச் சாலையில் ஓட்டுவோர் அறிய வேண்டியவை

மலேசியாவில் வணிக முறையில் செம்பனை முதன்முதலாக நடப்பட்டது 1917ஆம் ஆண்டில், கோல சிலாங்கூர் மாவட்டத்தின் தென்னமரம் தோட்டத்தில்தான். நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் மழைக்காலத்தில் தோட்டத்து உள்சாலைகளின் நிலை பெரிதாக மாறவில்லை. மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மாலை மழை பிடித்துக்கொண்டால், பழம் ஏற்றும் பாதை சகதியாகிவிடும். குத்தகையாளர்கள், மண்டோர்கள், சிறு தோட்டக்காரர்கள் பலர் நாள்தோறும் ஓட்டும் டீசல் பிக்-அப்பில் ‘டிஃப் லாக்’ பொருத்தலாமா என்று கேட்பதற்கு இதுவே காரணம்.

சில ஆயிரம் ரிங்கிட் செலவாகும் வேலை இது. பட்டறைக்குப் போகும் முன் அதன் பயனையும் ஆபத்தையும் தெரிந்துகொள்வது நல்லது.

டிஃபரன்ஷியல் என்ன செய்கிறது?

வண்டி வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் உள்பக்கச் சக்கரத்தைவிட அதிக தூரம் ஓட வேண்டும். இரு சக்கரங்களுக்கும் இடையே ஏறத்தாழ 1.5 மீட்டர் அகலம் உள்ள பிக்-அப், ஒரு சந்தியில் 90 பாகை திரும்பினால், இந்த வேறுபாடு சுமார் 2.4 மீட்டர். 17 அங்குல ரிம் கொண்ட வழக்கமான பிக்-அப் டயர் ஒரு முழுச் சுற்றில் ஓடும் தூரமும் ஏறக்குறைய இதுதான். அந்த ஒரு சுற்று வேறுபாட்டுக்கு இடம் கொடுப்பதே டிஃபரன்ஷியலின் வேலை.

சேற்றில் இந்த நன்மையே தடையாகிறது. சாதாரண டிஃபரன்ஷியல் இரு பக்கமும் சமமான முறுக்கு விசையையே தரும். ஒரு சக்கரம் வழுக்கிச் சுழன்றால் அதற்குத் தேவைப்படும் விசை மிகக் குறைவு. கெட்டித் தரையில் நிற்கும் மறு சக்கரத்துக்கும் அதே குறைந்த விசைதான் கிடைக்கும். நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டாலும் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு சக்கரங்கள் சுழல, வண்டி அசையாமல் நிற்பது இதனால்தான்.

டிஃப் லாக் போட்டதும் அச்சின் இரு சக்கரங்களும் ஒரே வேகத்தில்தான் சுழலும். பிடிமானம் உள்ள சக்கரம் தன்னால் இயன்ற அளவு விசையை எடுத்துக்கொண்டு வண்டியைத் தள்ளும்.

மண்ணைப் பார்த்து முடிவு செய்யுங்கள்

வட சிலாங்கூரில் மண் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. உலு சிலாங்கூர் பக்கம் மேடு பள்ளமான செம்மண் பாதைகளில், ஒரு சக்கரம் பள்ளத்தில் தொங்க, மற்றொன்று மேட்டில் நிற்கும். டிஃப் லாக் மிகுந்த பயன் தருவது இங்கேதான்.

ஜெராம், தஞ்சோங் காராங் கடலோரக் களிமண் வேறு வகை. அது டயரின் பள்ளங்களை அடைத்து வழவழப்பாக்கிவிடும். நான்கு டயரும் வழுக்கினால், லாக் மட்டும் போதாது. சேற்றைத் தானே உதறும் அகன்ற பூ உள்ள டயர்தான் முதலில் தேவை.

ராஜா மூசா காட்டை ஒட்டிய கரி மண் பகுதியில் பிரச்சினை வழுக்குவதில்லை, புதைவது. அங்கே லாக் போட்டு அழுத்தினால் இரு சக்கரங்களும் சேர்ந்து குழி தோண்டும். டயர் காற்றைக் குறைப்பதும், பாரத்தை இறக்குவதும், பலகை போடுவதும்தான் வழி. தார்ச்சாலைக்கு ஏறும் முன் காற்றை மீண்டும் நிரப்ப மறக்கக்கூடாது.

எந்த வகை பொருந்தும்?

முதலில் வண்டியின் கையேட்டைப் பாருங்கள். ஹைலக்ஸ், டிரைட்டன், ரேஞ்சர் போன்றவற்றின் சில ரகங்களில் பின்புற டிஃப் லாக் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டிருக்கும். அது இல்லாத பல புதிய வண்டிகளிலும், சுழலும் சக்கரத்தை மட்டும் பிரேக் பிடித்து மறு பக்கத்துக்கு விசை அனுப்பும் ‘டிராக்‌ஷன் கண்ட்ரோல்’ உண்டு. எப்போதாவது ஒரு முறை தோட்டத்துக்குள் போகிறவர்களுக்கு இதுவும் நல்ல டயரும் போதும்.

தனியாகப் பொருத்துவதாக இருந்தால் முக்கியமாக நான்கு வகைகள் உண்டு.

காற்று லாக்: சிறு கம்ப்ரஸர் காற்றழுத்தம் தர, பித்தானை அழுத்தினால் பூட்டும். ஆஸ்திரேலியாவின் ஏஆர்பி நிறுவனத் தயாரிப்பு பெயர் பெற்றது. அதே கம்ப்ரஸரைக் கொண்டு டயருக்கும் காற்று அடிக்கலாம். காற்றுக் குழாயும் சீலும் கசியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மின் லாக்: மின்காந்தத்தால் பூட்டும். குழாய் இல்லை; ஒயரிங் சுத்தமாக இருக்க வேண்டும்.

தானியங்கி லாக்: பித்தான் இல்லை. எண்ணெய் மிதித்தால் தானே பூட்டி, வளைவில் தானே விடும். விலை குறைவு. ஆனால் திருப்பங்களில் ‘டக் டக்’ என்ற சத்தம், டயர் தேய்மானம், மழையில் பின்புறம் விலகும் அபாயம் ஆகியவை உண்டு.

எல்எஸ்டி: வழுக்கலை ஓரளவு மட்டும் கட்டுப்படுத்தும். ஒரு சக்கரம் முழுதாக அந்தரத்தில் தொங்கினால் அதிக உதவி கிடைக்காது.

காலையில் ஈஜோக்கிலிருந்து லாத்தார் நெடுஞ்சாலையில் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுபோய், பிறகு தோட்டத்துக்குள் நுழையும் வண்டிக்குத் தேவையானது, வேண்டாதபோது முழுமையாக விடுபடும் லாக். எனவே காற்று வகை அல்லது மின் வகை, அதுவும் பின் அச்சுக்கு மட்டும் என்பதே ஏற்ற தேர்வு. முன் அச்சையும் பூட்டினால் ஸ்டீயரிங் திரும்ப மறுக்கும்; முன்புற மூட்டுகள் உடையவும் கூடும்.

பட்டறையில் கவனிக்க வேண்டியவை

லாக் உங்கள் வண்டியின் அச்சு ரகம், பல்விகிதம், அச்சுத் தண்டின் பற்கள் ஆகிய மூன்றுக்கும் பொருந்த வேண்டும். பொருத்தும்போது கிரவுன் பல்சக்கரத்துக்கும் பினியனுக்கும் உள்ள இடைவெளியை அளவுக்கருவி வைத்தே சரிசெய்ய வேண்டும். பற்கள் சேரும் தடத்தையும் சாயம் பூசிச் சரிபார்க்க வேண்டும். கைப்பதமாகப் பார்த்து மூடிவிட்டால் முதலில் ஊளைச் சத்தம் வரும், பிறகு பல் போகும். பேரிங், சீல் ஆகியவற்றைப் புதிதாக மாற்றுங்கள். தயாரிப்பாளர் சொன்ன கியர் எண்ணெயையே ஊற்றுங்கள்.

டிஃபரன்ஷியலின் சுவாசக் குழாயை உயரத்துக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். சூடான டிஃபரன்ஷியல் வெள்ளத்தில் இறங்கினால் குளிர்ந்து நீரை உள்ளிழுக்கும். 2021 டிசம்பர் வெள்ளம் போன்ற ஒன்றில் வண்டி ஓடியிருந்தால் எண்ணெயைத் திறந்து பாருங்கள். பால் நிறமாக இருந்தால் உடனே மாற்ற வேண்டும்.

பொருத்துவதற்கு முன் உத்தரவாதம் பாதிக்கப்படுமா என்று விற்பனையாளரிடமும், ஏற்கப்படுமா என்று காப்புறுதி நிறுவனத்திடமும், அனுமதி தேவையா என்று ஜேபிஜேயிடமும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஓட்டும் முறை

சேற்றுக்குள் நுழையும் முன்பே, வண்டி நின்றிருக்கும்போது அல்லது மிக மெதுவாக ஊர்ந்து செல்லும்போது லாக் போடுங்கள். சக்கரம் சுழன்றுகொண்டிருக்கும்போது போட்டால் பற்கள் உடையும். இன்றைய 2.8 லிட்டர் ஹைலக்ஸ் தானியங்கி கியர் வண்டியின் முறுக்கு விசை 500 நியூட்டன் மீட்டர். 4எல் கியரில் அது மேலும் பெருகும். லாக் போட்ட நிலையில் அதன் பெரும்பகுதி ஒரே அச்சுத் தண்டின் மேல் விழலாம். ஆகவே எண்ணெயை மெல்ல மிதிக்க வேண்டும்.

கடந்ததும் லாக்கை விடுவித்து, நேராகச் சில மீட்டர் ஓட்டி, டேஷ்போர்டு விளக்கு அணைந்ததா என்று பாருங்கள். தார்ச்சாலையில் லாக் கூடாது.

மிக முக்கியமானது கால்வாய் ஓரம். சாய்வான வரப்பில் சாதாரண டிஃபரன்ஷியல் உள்ள வண்டியில் ஒரு சக்கரம் சுழலும்போது, மற்றது பெரும்பாலும் தரையைப் பிடித்து வண்டியை நிறுத்தி வைக்கும். லாக் போட்டால் இரண்டும் சேர்ந்து சுழலும். பிடி விட்ட பின்புறம் சரிவுப் பக்கம் நழுவிக் கால்வாயில் இறங்கும். பின்னால் பழக்குலையோடு ஆட்களும் இருந்தால் விளைவு உயிரிழப்பாகவும் முடியலாம். அத்தகைய இடத்தில் ஆட்களை முதலில் இறக்கிவிட வேண்டும். முடிந்தால் லாக் போடாமல் வேறு பாதையில் போக வேண்டும்.

லாக் இருக்கிற துணிவில் முன்பு போகாத இடத்துக்குள் போனால், வண்டி இன்னும் ஆழத்தில்தான் சிக்கும். வழக்கமாகப் போகும் பாதையில், மழை நாளிலும் பத்திரமாக வீடு திரும்புவதற்கே அது பயன்பட வேண்டும்.